வறட்டிக்குள் இருந்த விதை

கோவளம்,
8-7-1976

மச்சான் தணிகைவேல் அவர்களுக்கு, பூவராகவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இருக்கிறேன். ஆப்பூரில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை மீனாட்சி போய் மாதங்கள் ஓடிவிட்டன. மாசியில் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அடிக்கடி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் வரவில்லை. நீங்களும்தான். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கேளம்பாக்கம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவரை பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் மீனாட்சி பேசுவாள், நான் 'ம்' கொட்டுவேன். இப்போது கத்தவும் ஆளில்லை, 'ம்' கொட்டவும் வேலையில்லை. காலையில் டீக்கடையில் நாஸ்தா, பிறகு வாசலில் நாற்காலி. முட்டி வலியில் எழுந்தால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு கருவாடு போடுகிறவள். காற்று திரும்பினால் அந்த வாசனை முழுக்க என் வீட்டுக்குள்தான். நம் வீட்டில் மீன் புழங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளிடம் நான் பேசுவதில்லை.

மகன் பன்னீர்செல்வத்துக்குத் தை மாதம் அம்பத்தூரில் கம்பெனி வீடு தருகிறார்களாம். என்னை வந்துவிடச் சொல்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன். அங்கே ஒரே ஒரு அறை, நான் ஒரு மூலையில் கிடப்பேன். இங்கே கிடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீனாட்சியின் அம்மி, குந்தாணி எல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்து சேரட்டும். எப்போது வந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள்
பூவராகவன்


ஆப்பூர், சிங்கப்பெருமாள் கோயில் வழி,
19-7-1976

மாப்பிள்ளைக்கு, தணிகைவேல் எழுதியது. மருமகள் சரோஜா சௌக்கியம், பேரப்பிள்ளைகள் சௌக்கியம், கறவை மாடு கன்று போட்டு அதுவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்டால் 'இருக்கிறேன்' என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

அம்மி எங்கேயும் ஓடிப்போகாது, இருக்கட்டும். இத்துடன் துணியில் தைத்து ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு இந்தக் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது மாட்டுச் சாணி வறட்டிதான். எங்கள் பக்கம் விதையை ஈரச் சாணியில் புதைத்துச் சுவரில் தட்டி வைப்போம், பூச்சி தொடாது. உள்ளே என்ன விதை என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போவதில்லை.

சரிபாதியாக உடையுங்கள். ஒரு பாதியை இந்த ஆடியிலேயே வாசலோரம் நடுங்கள். வறட்டியைத் தூளாக்கி விதையைத் தேடிப் பார்க்கும் வேலை கூடாது. மறுபாதி தை மாதத்துக்கு. அம்பத்தூருக்குத்தான் போவது என்று முடிவானால், போகும் முன் அந்தப் பாதியைப் பத்திரமாக எனக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். நமக்குள் பந்தயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: காய்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

முளைத்ததும் எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள்.

தணிகைவேல்


கோவளம்,
10-8-1976

மச்சான் அவர்களுக்கு வணக்கம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நல்ல மரியாதை வாங்கிக் கொடுத்தீர்கள். தபால்காரர் ஆபிரகாம் பார்சலை மூக்குக்கு எட்டாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், உள்ள இன்னா கீது? வழியெல்லாம் நாய் தொரத்துது" என்றார். தெருவே கூடிவிட்டது. எல்லோர் முன்னாலும் பிரித்தேன். சாணி. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

கோபத்தில் தூக்கி எறியத்தான் போனேன். மேலே விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. சின்னக் கை. சரோஜா தட்டியதா? எறிய மனசு வரவில்லை. சொன்னபடி உடைத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்த பாதியை நட்டேன். மூன்று விரல் பாதியைப் பரணில் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சின்னப்பொண்ணு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா அண்ணாத்த, சாணிய நட்டு வச்சிக்கினு குந்திகினு கீற? மாடு மொளைக்குமா?" என்றாள். மறுநாளே இரண்டு முளை. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஜோசியம் சொல்கிறார்கள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட மாயவன், பரங்கி என்கிறார். சின்னப்பொண்ணு பூசணி என்கிறாள். ஆபிரகாம் பீர்க்கன் என்று சத்தியம் செய்கிறார். மூன்று பேருக்கும் காயைத்தான் தெரியும், கொடியைத் தெரியாது. எனக்கும் அவ்வளவுதான். எது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள், வெளியே சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கடிதத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறீர்களே, ஆப்பூரில் மைக்குப் பஞ்சமா?

பூவராகவன்


ஆப்பூர்,
17-8-1976

மாப்பிள்ளைக்கு. சரோஜா, பிள்ளைகள், கன்றுக்குட்டி எல்லாம் சுகம். உங்கள் முட்டிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

பெயர் சொல்ல மாட்டேன். என்னிடம் கேள்விதான் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். இலை சொரசொரப்பா, மெத்தென்று இருக்கிறதா? தடவிப் பார்த்து எழுதுங்கள். கிள்ளி முகர்ந்தால் என்ன வாசனை? பற்றுக்கம்பி ஒற்றையா, கிளைத்துப் போகிறதா? தண்டில் மயிர் உண்டா? காலையில் கொடியின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, சாயங்காலம் எந்தப் பக்கம்? பரங்கி என்று மாயவன் எதைப் பார்த்துச் சொன்னார், இலையையா தண்டையா? அவரையே கேட்டு எழுதுங்கள்.

பகலெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். சரோஜா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்குமே. அதை ஊற்றிவிடாதீர்கள்.

தணிகைவேல்


கோவளம்,
1-9-1976

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நான் சௌக்கியம். மெய்யாகவே சௌக்கியம்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில். இலை மெத்தென்று இருக்கிறது, பூனைக்குட்டியைத் தொட்ட மாதிரி. கிள்ளி முகர்ந்தால் பச்சை நெடி, கொஞ்சம் குமட்டுகிறது. பற்றுக்கம்பி இரண்டாகக் கிளைக்கிறது. காற்றில் ஒருநாள் முழுவதும் துழாவிக்கொண்டே இருந்துவிட்டு என் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. நாற்காலியை எடுக்க மனமில்லாமல் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துவிட்டு மாயவன் தன் பழைய வலையைக் கொண்டுவந்தார். நான்கு சவுக்குக் கழி நட்டு, வலையை மேலே விரித்துக் கட்டியது அவர்தான். "மீன் புடிச்ச வலை, இப்போ காயப் புடிக்கட்டும்" என்றார். கண் மங்கிப்போய், மகன் படகில் ஏற்ற மாட்டேன் என்று சொன்னதிலிருந்து அவரும் என்னைப்போல வாசலில் உட்கார்ந்திருந்தவர்தான். இப்போது சாயங்காலத்தில் பந்தலடியில் இரண்டு பேரும் உட்காருகிறோம். பரங்கி என்று எதைப் பார்த்துச் சொன்னீர் என்று கேட்டேன். எதையும் பார்க்கவில்லையாம், அவருக்குப் பரங்கிக்காய் பிடிக்குமாம்.

தண்ணீர் கோயில் பக்கத்து நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, கையில் வாளி. முதல் வாரம் முட்டி கெஞ்சியது. இப்போது அது என்னிடம் பேசுவதில்லை. இரவு படுத்தால் விடியும்போதுதான் விழிக்கிறேன். சுகாதார நிலையத்தில் கம்பவுண்டர் ரத்தக்கொதிப்பு பார்த்துவிட்டு, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாணி என்றேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் செங்கல்பட்டில் சிநேகிதர் சதாசிவத்தின் மகளுக்குக் கல்யாணம். போகிறேன். மீனாட்சி போன பிறகு நான் ஊர் எல்லையைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து ஆப்பூருக்கு வந்து உங்களோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்கிறேன்.

பூவராகவன்


ஆப்பூர்,
4-9-1976

மாப்பிள்ளைக்கு. எல்லோரும் சுகம்.

இந்தச் சமயம் வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம், சாமானெல்லாம் வாசலில் கிடக்கிறது, வந்தால் உட்காரக்கூட இடமில்லை. நீங்களாயிற்றே என்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அதை ஏற்பாடு செய்யாமல் கிளம்பாதீர்கள். தண்டில் மயிர் உண்டா என்று போன கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பூ விட்டால் உடனே எழுதவும். எந்த நேரத்தில் விரிகிறது என்று குறித்து வையுங்கள்.

தணிகைவேல்


கோவளம்,
18-9-1976

மச்சான் அவர்களுக்கு. சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னிக்கவும்.

எல்லாம் முடிந்தது. கல்யாணத்துக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சின்னப்பொண்ணிடம் வாளியைக் கொடுத்துவிட்டுப் போனேன். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு முதல் தடவையாக ஓர் உதவி கேட்டேன். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். திரும்பி வந்து பார்த்தால் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டு கிடக்கிறது. மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கருவாடு ஊறவைத்துக் கழுவின தண்ணீரை மூன்று நாளும் ஊற்றியிருக்கிறாள்.

கேட்டால், "மீன் தண்ணி எருவு அண்ணாத்த. என் முருங்கைக்கு அதத்தான் ஊத்தறேன், எப்டி காச்சிக் கெடக்குது பாரு" என்கிறாள். முருங்கை கடலுக்குள்ளேயே நின்றாலும் காய்க்கும். இது தாங்குமா? தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். உப்பளத்துக் குரல் அப்படியே வந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாயவனும் எழுந்து போய்விட்டார். பந்தலடியில் இப்போது ஒருவரும் இல்லை.

எனக்கு இது தேவைதான். கொடியைப் பிடுங்கிப் போடப் போகிறேன். தை வரைக்கும் எதற்கு, கம்பெனி வீடு வராவிட்டாலும் பரவாயில்லை, தீபாவளிக்கு வரும்போதே அழைத்துப் போய்விடு என்று பன்னீருக்கு எழுதிவிட்டேன். உங்கள் மறுபாதி வறட்டியை அனுப்பி வைக்கிறேன். பந்தயத்தில் நீங்கள் தோற்றீர்கள்.

பூவராகவன்


ஆப்பூர்,
22-9-1976

மாப்பிள்ளைக்கு.

கடிதம் இன்று காலையில்தான் வந்தது. உடனே எழுதி, பஸ்ஸுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வேர் வெள்ளையாக இருக்கிறதா? ஓரத்தில் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கொடிக்கு உயிர் இருக்கிறது, பிடுங்காதீர்கள்.

முப்பது வருஷம் கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்த ஆள் நீங்கள். ஒரு முழ மண்ணிலிருந்து உப்பை எடுக்கத் தெரியாதா? வெட்கமாக இல்லையா?

அந்தப் பெண் நல்லதை நினைத்துத்தானே ஊற்றினாள்? முதலில் அவள் வீட்டு வாசலுக்குப் போங்கள். கொடியைப் பிறகு பார்க்கலாம். வறட்டியை அனுப்ப வேண்டாம்.

தணிகைவேல்


ஆப்பூர்,
28-10-1976

மாப்பிள்ளைக்கு. இங்கே எல்லோரும் சுகம். தீபாவளியும் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு மேலாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்பத்தூர் விலாசம் என்னிடம் இல்லாததால் இந்தக் கார்டைக் கோவளத்துக்கே போடுகிறேன். கொடி செத்துவிட்டது என்றால் செத்துவிட்டது என்று எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் கிடப்பதுதான் என்னால் முடியவில்லை. இலை உதிர்ந்ததா, காய்ந்து ஒட்டிக்கொண்டு நின்றதா என்றாவது எழுதுங்கள்.

தணிகைவேல்


கோவளம்,
24-11-1976

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நான் கோவளத்தில்தான் இருக்கிறேன். சௌக்கியமாக இருக்கிறேன். காயைக் கண்ணால் பார்க்காமல் எழுதக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். உங்களைக் காக்கவைத்தது தப்புதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று வேரைத் தோண்டினேன். வெள்ளையாக இருந்தது. உப்பளத்தில் எங்களுக்கு மழைதான் சத்துரு. ஒரு நல்ல மழை பாத்தியில் நின்றால் போதும், உப்பெல்லாம் கரைந்து மண்ணுக்கடியில் போய்விடும். முப்பது வருஷம் மழையைத் திட்டினவன், இப்போது நானே மழையாக வேண்டும். கொடியைச் சுற்றிப் பாத்தி கட்டினேன். பாத்தி நிறைய நல்ல தண்ணீரை ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி ஊற்ற வேண்டும். என் ஒரு வாளிக்கு அந்த மணல் சிரித்தது.

அன்று சாயங்காலம் சின்னப்பொண்ணு வாசலுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒரு குடம் கடன் குடு" என்றேன். குடத்தைத் தரவில்லை. தானே இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். ஊற்றினாள், திரும்பிப் போனாள், மறுபடி கொண்டுவந்தாள். மறுநாள் அவள் பின்னால் நான்கு பெண்கள். அதற்கடுத்த நாள் நல்ல தண்ணிக் கிணற்றுக்கு வருகிற யாரும் என் பந்தலுக்கு ஒரு குடம் ஊற்றாமல் வீட்டுக்குப் போகவில்லை. "சாமிக்கு அபிஷேகம் பண்ற மாதிரி கீது" என்று மாயவன் சிரித்தார். மண்ணை நக்கிப் பார்க்கிற வேலை எனக்கு.

தீபாவளிக்கு என்னை அழைத்துப்போகப் பன்னீர் வந்தான். டிரங்குப் பெட்டி காலியாக இருந்தது. நான் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவனும் குடம் எடுத்தான். பஸ் ஏறும்போது மட்டும், "நைனா, கொடிக்கு இன்னா ஆச்சுன்னு லெட்டர் போடு" என்றான்.

அடுத்த வாரமே மழை வந்து மீதியைப் பார்த்துக்கொண்டது. கணுவில் புதுத் துளிர் விட்டது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பூ விரிந்தது. வெள்ளை. தாள் மாதிரி மெல்லிசு. விடிந்ததும் வாடிவிட்டது. மாயவன், சின்னப்பொண்ணு, ஆபிரகாம் மூன்று பேரும் தோற்றார்கள். சுரை! இப்போது பிஞ்சு பிடித்திருக்கிறது, குண்டுச் சுரை. பிஞ்சுக்கு நேரே விரல் நீட்டினால் அழுகிவிடும் என்று தெருவில் எல்லோரும் முஷ்டியை மடக்கிக் கைமுட்டியால்தான் காட்டுகிறார்கள். பார்த்தால் குத்துச்சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் காட்டுகிறேன்.

அம்பத்தூர் போகவில்லை. பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள்தான்.

இப்போது என் முறை, மச்சான். உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். மருமகள் சுகம், பிள்ளைகள் சுகம், கன்றுக்குட்டி சுகம். ஒன்றிலாவது நீங்கள் சுகம் என்று இல்லை. ஆடியிலிருந்து என் ஒற்றைக் கொடியைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிற விவசாயி, தன் நிலத்தில் என்ன போட்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. மழைக்காலம் வரப்போகிற நேரத்தில் யாராவது வெள்ளையடிப்பார்களா? பென்சிலைப் பற்றி முன்பே கேட்டேன், பதில் வரவில்லை. நேற்று மல்லாந்து படுத்துக்கொண்டு பேனாவால் எழுதிப் பார்த்தேன். மை வரவில்லை. பென்சில்தான் எழுதுகிறது.

உங்களுக்கு என்ன?

பூவராகவன்


ஆப்பூர்,
3-12-1976

மாப்பிள்ளைக்கு. சரோஜா சுகம், பிள்ளைகள் சுகம். நான் சுகமில்லை.

சித்திரையில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு. புத்தூர்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிவிட்டதாம், ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து மாட்டுக்கொட்டகை ஓரத்துக் கட்டில்தான் எனக்கு உலகம். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எல்லோரையும் நான்தான் தடுத்தேன். உங்களுக்கு இருந்த துக்கமே போதும் என்று நினைத்தேன். நிலத்தைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நன்றாகத்தான் பார்க்கிறார்கள், என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இந்த வருஷம் நான் பயிர் வைத்த இடம் உங்கள் வாசல் ஒன்றுதான், மாப்பிள்ளை. அதனால்தான் இலையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். உங்கள் கையால் நான் தடவிப் பார்த்தேன்.

இன்னொன்றும் உண்டு. வறட்டியில் இருப்பது யார் கை என்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு மீனாட்சி வந்திருந்தாள் இல்லையா? ஒருநாள் தானாகவே சாணியைப் பிசைந்து, ஏதோ விதையை உள்ளே வைத்து, கொட்டகைச் சுவரில் தட்டினாள். என்ன விதை என்று கேட்டதற்கு, "மொளைச்சா தெரிஞ்சிக்க" என்று சிரித்தாள். மாசியில் போய்விட்டாள். என் கட்டில் அந்தச் சுவருக்கு நேர் எதிரே. படுத்தால் அவள் கைதான் கண்ணுக்கு எதிரே தெரியும். மாதக்கணக்கில் எனக்குத் துணையாக இருந்தது அதுதான். நீங்கள் அம்பத்தூர் மூலையில் போய்க் கிடக்கப் போகிறேன் என்று எழுதியதும், ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, சரோஜாவிடம் சொல்லிப் பெயர்க்க வைத்தேன். சுவரில் வட்டமாகத் தடம் மட்டும் இருக்கிறது.

என்ன விதை என்று எனக்கும் தெரியாது, மாப்பிள்ளை. சொல்ல மாட்டேன் என்றது வெறும் வீம்பு. குண்டுச் சுரை என்று நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். எங்கள் அம்மா போட்ட சுரை அது. அதன் காய்ந்த குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டுதான் பெரிய கிணற்றில் மீனாட்சி நீச்சல் பழகினாள், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். விதை அற்றுப்போய்விட்டது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவளுக்கு எங்கே கிடைத்ததோ.

மறுபாதியைத் திருப்பிக் கேட்டது அந்த மூன்று விரலுக்காக. இப்போது வேண்டாம். பானைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சுரை விதை வருஷக்கணக்கில் தாங்காது. தை பிறந்ததும் நட்டுவிடுங்கள். எனக்கு எழுதுங்கள், போதும்.

தணிகைவேல்


கோவளம்,
6-1-1977

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமில்லை என்று உங்கள் கையாலேயே எழுதியதால், இனி உங்களைப் பற்றித்தான் விசாரிப்பேன், கன்றுக்குட்டியைப் பற்றி அல்ல.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பரணிலிருந்து பானையை இறக்கினேன். மூன்று விரல். அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் தடிமன், பள்ளத்தில் இறங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் இந்தக் கை சோறு போட்டது, எனக்கு அடையாளம் தெரியவில்லை, சரோஜாவா என்று கேட்டிருக்கிறேன். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சின்னப்பொண்ணுவிடம் சொன்னேன். அவள், "ஒரு பாதிய மண்ணுக்குக் குட்த்த, தெருவே வந்து குந்திச்சி. இதப் பானைக்குள்ள வச்சிக்கினு இன்னா பண்ணப் போற அண்ணாத்த?" என்றாள்.

நடத்தான் போகிறேன். ஆனால் எழுதிப் போட்டால் போதும் என்கிறீர்களே, அது முடியாது. எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது.

கண்ணாயிரம் என்று ஒரு டிரைவர், உப்பளத்து நாளிலிருந்து பழக்கம். செங்கல்பட்டுக்கு உப்பு ஏற்றிப் போகிறவன். பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை போகிறான், நானும் உடன் வருகிறேன். உப்பை இறக்கிவிட்டுக் காலி லாரி நேரே ஆப்பூருக்கு வரும். வைக்கோல் பரப்பி, உங்களைக் கட்டிலோடு ஏற்றுகிறோம். மாயவன் மகனும் அவன் சிநேகிதர்களும் கூட வருகிறார்கள். படகையே தூக்குகிறவர்களுக்குக் கட்டில் ஒரு பொருட்டா? கண்ணாயிரம் மெதுவாகத்தான் ஓட்டுவான். சரோஜாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். சம்மதம், டாக்டரிடமும் கேட்டுவிட்டோம் என்று பதில் வந்துவிட்டது. உங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. என்னைக் கேட்டா நீங்கள் சாணி அனுப்பினீர்கள்?

பந்தலுக்குக் கீழே உங்கள் கட்டிலுக்கு இடம் ஒழித்தாயிற்று. மல்லாந்து படுத்தால் காய் கண்ணுக்கு நேரே தொங்கும். முதல் காயைப் பறிக்காமல் முற்றவிட்டிருக்கிறேன், விதைக்கு. கால் பேச்சைக் கேட்காவிட்டால் போகிறது. வாளி தூக்க நாங்கள் இருக்கிறோம், கேள்வி கேட்க உங்களைப்போல ஆள் இந்தத் தெருவில் இல்லை. மாயவன் உங்களை எதிர்பார்த்து இப்போதே பதில்களை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கட்டிலில் படுத்தபடி உங்கள் கை எட்டுகிற தூரத்தில், தலைமாட்டுப் பக்கம் ஒரு விதைக்குழி எடுத்திருக்கிறேன். அந்த மூன்று விரலை நீங்கள்தான் உள்ளே வைக்க வேண்டும். நான் தண்ணீர் ஊற்றுகிறேன். குழியை மூடாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை
பூவராகவன்